பல்செட்டை மூலிகைப் பற்பொடியால் தேய்க்கலாமா?



வாப்பாவோ உம்மாவோ பல்செட் போட்டிருக்கும் வீடுகளில், அதைக் கழுவிக் கொடுப்பது பெரும்பாலும் பிள்ளைகள்தான். மூலிகைப் பற்பசையையோ பற்பொடியையோ போட்டுப் பளிச்சென்று ஆகும்வரை தேய்க்கிறோம். ‘மூலிகைதானே, என்ன கெடுதல்?’ என்று நினைக்கிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பல்லின் மேல் உள்ள எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். பல்செட்டோ பெரும்பாலும் அக்ரிலிக் எனும் பிளாஸ்டிக்கால் ஆனது. எனாமலைவிடப் பல மடங்கு மென்மையானது. பற்பசையில் உள்ள கிராம்பு, வேம்பு ஆகியவற்றால் இங்கே சிக்கல் இல்லை. கறையைத் தேய்த்தெடுக்கச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட், சிலிக்கா, சிவப்புப் பற்பொடியில் உள்ள காவிமண், கரித்தூள் போன்றவைதான் அக்ரிலிக்கைக் கீறுகின்றன.

அந்தக் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேற்பரப்பின் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே கிருமிகள் கூடுதலாகப் படியத் தொடங்கும். கேண்டிடா என்ற பூஞ்சையும் அங்கே தங்கும். பல்செட்டுக்கு அடியில் அண்ணம் சிவந்துபோகும். பலருக்கு வலியே இருக்காது. சிலருக்குக் காரம் பட்டால் எரியும். பெரியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ‘வயதாகிவிட்டது, பசியில்லை’ என்று நாமும் விட்டுவிடுவோம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை எளிதில் வரும்.

நாம் செய்ய வேண்டியவை:

1. கைதவறி விழுந்தாலும் உடையாதபடி, தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தின் மேலே பிடித்துக் கழுவுங்கள்.

2. மென்மையான பிரஷ், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் அல்லது சாதாரண சோப்பு, ஆறிய தண்ணீர் போதும். பிறகு நன்றாக அலசுங்கள். கொதிநீரில் போட்டால் பல்செட் வளைந்துவிடும்.

3. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஊறவைக்கும் மாத்திரை போட்டிருந்தால், நன்கு அலசிய பிறகே வாயில் வைக்க வேண்டும். உலோகக் கம்பி உள்ள பல்செட்டைப் பிளீச்சிங் கரைசலில் போடாதீர்கள்.

4. ஈறு, நாக்கு, அண்ணம் ஆகியவற்றை ஈரத் துணியால் துடையுங்கள். மிஸ்வாக்கும் பற்பசையும் மீதமுள்ள சொந்தப் பற்களுக்கு மட்டும்.

ஏற்கெனவே சொரசொரப்பாகிவிட்டதா? வீட்டில் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். பல் மருத்துவர் மெருகேற்றித் தருவார்.

இன்றிரவு பல்செட்டைக் கழற்றியதும், பெரியவரின் அண்ணத்தை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சிவந்திருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோருக்குச் செய்யும் கித்மத்தில் இதுவும் ஒன்று.