வீட்டிற்கு ஏற்ற நிலம்

'வீட்டைக் கட்டிப் பார். கலியாணம் செய்து பார்' என்பது முன்னோர் வாக்கு. வீடு கட்டுவோர் சுவரின் உயரத்தையும் கூரையின் வகையையும் வாசற்கதவின் வேலைப்பாட்டையும் பலநாள் ஆராய்கின்றனர். நிலத்தைப் பற்றிய எண்ணமோ கைப்பொருள் கரைந்துபோன இறுதி வேளையிலேயே எழுகின்றது. ஆயினும் குழந்தை தவழ்வதும், மாணவன் பாயை விரித்துப் படிப்பதும், முதியோர் தடியூன்றி நடப்பதும் அந்நிலத்தின் மீதேயாம். ஆதலின், ஒரு வீட்டிற்குரிய நிலத்தை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதைக் கிளிவெட்டியையும் அதன் அயலூர்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நிலம் என்னுஞ் சொல் நம்மவர் வழக்கில் வயலையும் குறிக்கும். வீட்டுத் தரையையும் குறிக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள உறவை அறிந்தோரே வீட்டு நிலத்தை நன்கு அமைப்பர்.

1. ஊரின் இயல்பு

கிளிவெட்டி மூதூர்ப் பிரதேசத்து மருதநிலத்தூர். மகாவலி கங்கை கிளைகளாகப் பிரிந்து கடலை நாடும் தாழ்நிலத்தை அடுத்தது. வயற்களி நீரை உண்டால் உப்பும். வெயிலிற் காய்ந்தால் வெடிக்கும். மாரியில் நிலத்தடி நீர் மேலெழும். 2011ஆம் ஆண்டு சனவரி, பெப்ரவரி மாதங்களிற் கிழக்கு மாகாணத்தை மூடிய வெள்ளத்தையும், 2025 நவம்பரில் டித்வாப் புயலோடு மகாவலி பெருகியதையும் இப்பகுதியார் மறந்திலர்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2006ஆம் ஆண்டிற் சம்பூர்ப் பகுதியினின்றும் பெயர்ந்த குடும்பங்கள் பல, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. தகரக் கொட்டிலின் ஈரத்தரையிற் பிள்ளைகளைக் கிடத்திய தாய்மாருக்கு, உலர்ந்த நிலம் எத்துணைப் பெரிய செல்வம் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆகவே, நிலத்தைத் தெரியும்போது நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஈரத்தைத் தாங்குமா? வெப்பத்தைத் தணிக்குமா? வழுக்காது காக்குமா? கைப்பொருளுக்கு அடங்குமா?

2. நிலத்தின் வகைகள்

(அ) மண் நிலம்: மண்ணை இடித்துச் சமன்செய்து சாணமிட்டு மெழுகுவது தொன்மையான முறை. வெயிற்காலத்திற் குளிர்ச்சி தரும். செலவு மிகக் குறைவு. ஆயினும் அடிக்கடி மெழுகுதல் வேண்டும்; வெள்ளம் புகின் சேறாகும். குழந்தைகளின் உடல்நலத்திற்கும் இது தீங்காவதுண்டு. மெக்சிக்கோ நாட்டின் கோவாகுயிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டளவில், ஏழைகளின் மண்தரைகளைச் சீமெந்துத் தரைகளாக்கும் அரசாங்கத் திட்டமொன்று தொடங்கிற்று. 'உறுதியான தரை' என்னும் பொருளுடைய பெயர் அதற்கு இடப்பட்டது. அதன் பயனை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட அறிஞர்கள், சிறுவரிடையே குடற்புழுவும் வயிற்றோட்டமும் சோகையும் பெரிதும் குறைந்தன என்றும், தாய்மாரின் மனச்சோர்வுங்கூடத் தணிந்தது என்றும் கண்டனர். மருந்தினால் மட்டும் வாராத நன்மை தரையினால் வந்தது.

(ஆ) சீமெந்து நிலம்: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் நின்றுபோயிற்று. 1982இல் தோன்றிய டோக்கியோ சீமெந்துக் கம்பனியின் ஆலை நமது திருகோணமலையிலேயே அமைந்தது. சீமெந்து எளிதிற் கிடைக்கத் தொடங்கியபின் மெழுகிய மண் நிலங்கள் படிப்படியாக மறைந்தன. நன்கு இட்ட சீமெந்து நிலம் தலைமுறை கடந்தும் நிற்கும். மேற்பூச்சிற் சிவப்புச் சாயம் கலந்து கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் அழகும் கிட்டும். பழைய வீடுகளில் அத்தகைய சிவப்பு நிலங்கள் கண்ணாடி போல் மிளிர்வதை இன்றுங் காணலாம். ஆனால் அதற்குக் கைதேர்ந்த மேசன் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

(இ) பதிகல் நிலம்: மக்கள் 'மாபிள்' என வழங்கும் பெரும்பாலானவை மெய்யான சலவைக்கல் அல்ல, களிமண்ணைச் சூளையிற் சுட்டுச் செய்த தரையோடுகளே. மெய்யான சலவைக்கல்லிற் புளியோ தேசிச்சாறோ பட்டால் மாசு படியும். சூளையோடுகளுக்கு அக்குறை பெரிதும் இல்லை. இவற்றுள் 'போசிலேன்' எனப்படும் வகை மிகச் சிறிதளவு நீரையே உறிஞ்சும். ஆதலின் ஈரமான இடங்களுக்கு ஏற்றது. பளபளக்கும் மேற்பரப்புடையவை நீர் பட்டதும் வழுக்கும்; சொரசொரப்பானவை காலைப் பற்றும்.

சுடாத பதிகல்லும் உண்டு. தமிழ்நாட்டுச் செட்டிநாட்டின் ஆத்தங்குடியில், கண்ணாடித் தட்டின் மீது நிறச்சாந்தை வார்த்து, மணலும் சீமெந்தும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து உலர்த்திக் கல் செய்வர். தம் ஊர் மணலையே தமக்கு அணியாக்கிக் கொண்ட அவ்வறிவு போற்றத்தக்கது.

3. காணாத பகுதியே முதன்மையானது

மேலே எதனைப் பதிப்பினும், கீழுள்ள அடுக்கு உறுதியற்றதாயின் யாவும் வீணே. களிமண்ணை அகற்றிவிட்டுக் கிறவலை நிரப்புதல் வேண்டும். ஒரேமுறையில் நிரப்பாது, ஆறங்குலத்திற்கு ஒருமுறை நீர் தெளித்து இடித்தல் வேண்டும். அதன்மேல் தடித்த பொலித்தீன் விரிப்பை இட்டால் நிலத்தீரம் மேலேறாது. அதன்பின் மூன்றங்குலக் கொங்கிறீற்று இடுக. ஆற்றுமணலையே கொள்க, கடன்மணலில் உள்ள உப்பு நாளடைவில் நிலத்தின்மேல் வெண்மையாய்ப் பூக்கும். இட்ட நிலத்தை ஏழு நாளாயினும் நனைத்து வைத்தல் வேண்டும். சீமெந்து உலர்வதனால் இறுகுவதன்று. நீரோடு சேர்வதனாலேயே இறுகுகின்றது. இதனை அறியாது மறுநாளே உலரவிடுவோர் வெடிப்பைத் தாமே விலைகொடுத்து வாங்குகின்றனர்.

வெள்ளம் வரும் ஊரில், முந்திய வெள்ளம் சுவரில் விட்டுச்சென்ற அடையாளத்திற்கு மேலாக நில மட்டத்தை உயர்த்துதலே தலையாய செலவு. பதிகல்லுக்கு வைத்த பணத்தை இதற்கு முதலிற் செலவிடுதல் அறிவுடைமையாகும்.

4. சிறு கணக்கு

மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள அறையின் பரப்பு 120 சதுர அடி. மூன்றங்குலம் கால் அடியாதலின், வேண்டிய கொங்கிறீற்று 30 கன அடி. அரை அங்குலப் பூச்சிற்கு 5 கன அடிச் சாந்து வேண்டும். 60 சென்ரிமீற்றர்ச் சதுரப் பதிகல் ஒன்று ஏறத்தாழ 3.9 சதுர அடியை மூடும். ஆகவே 31 கற்கள். வெட்டுச் சேதத்திற்குப் பத்திலொன்று கூட்டின் 34. பின்னாளில் அதே நிறம் கிடைப்பது அரிதாதலின் மேலும் இரண்டு மூன்றைச் சேமித்து வைத்தல் நன்று.

இக்கணக்கு ஏன் இன்றியமையாதது? ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோச் சீமெந்துப் பை 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மூவாயிரத்தை எட்டிற்று. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டிற்குரிய உதவி ஐந்தரை இலட்சம் ரூபா. அத்தகைய அளவுபட்ட பணத்தில் ஓரிடத்து மிகைச்செலவு மற்றோரிடத்துக் குறையாகும். விறாந்தை பளபளக்க, மலசலகூடத்திற்குக் கதவின்றி நிற்கும் வீடுகள் இதற்குச் சான்று.

5. எவ்விடத்திற்கு எது?

படுக்கையறைக்கும் கூடத்திற்கும் நல்ல சீமெந்து நிலமே போதும். வசதியுடையோர் பதிகல் இடலாம். சமையலறைக்கு எண்ணெயும் புளியும் ஊறாத, எளிதிற் கழுவத்தக்க ஓடு ஏற்றது. குளியலறைக்குச் சொரசொரப்பான சிற்றோடுகளை இட்டு, நீர் வடிய அடிக்குக் கால் அங்குலச் சரிவு வைத்தல் வேண்டும். முற்றத்திற்கும் விறாந்தை விளிம்பிற்கும் பளபளக்கும் கல் ஆகாது. மழைச்சாரல் படும் இடம் அது. நெல்மூடை இழுபடும் அறைக்குத் தடித்த சீமெந்தே தகும்.

வேலை முடிந்ததும் நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்க. வெற்றொலி எழுமாயின் அதன் அடியிற் சாந்து நிறையவில்லை என்பது பொருள். மேசனுக்குக் கூலி கொடுப்பதற்கு முன்னரே இச்சோதனை நிகழ்தல் வேண்டும்.

முடிவுரை

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். பெற்றோருக்கு வீடு கட்டப் பொருள் அனுப்புகின்றனர். அது பெருங் கடமை, அன்பின் அடையாளம். அவர்கட்கு ஒன்று கூறுவேன். படத்திற் கண்ட நிலத்தைத் தெரியாதீர். அதன்மேல் நடக்கப்போகும் கால்களை நினைந்து தெரிமின். எழுபது வயதுத் தாய் ஈரக்காலோடு குளியலறையினின்றும் வெளிவரும்போது வழுக்கி இடுப்பெலும்பு முறியுமாயின், அப்பளபளப்பு யாருக்கு இன்பந் தரும்? உயர்ந்த மட்டம், உலர்ந்த அடித்தளம், வழுக்காத மேற்பரப்பு, கடன் படாத செலவு ஆகிய நான்கும் பொருந்திய நிலமே நல்ல நிலம். அது சீமெந்தாயினும் சிறப்பே, பதிகல்லாயினும் சிறப்பே.