நோயாளியின் கூலியை அல்லாஹ் குறைப்பதில்லை



ஓர் அடியான் ஆரோக்கியமாக இருக்கும்போது தஹஜ்ஜுத் தொழுகிறான், நஃபில் நோன்பு வைக்கிறான். பிறகு நோயில் விழுகிறான். எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. அவனுடைய நன்மைக் கணக்கு என்ன ஆகும்? உடல்நலத்தோடு செய்துவந்த அமல்களின் நன்மை நோயிலும் பயணத்திலும் அவனுக்கு எழுதப்படுகிறது என்ற கருத்தில் அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. நோயைக் காரணம் காட்டி நம் ரப்பு நம் கூலியைப் பிடித்துக்கொள்வதில்லை.

அந்த ரஹ்மத்தை ஆதரவு வைக்கும் நாம், நம் கடைப் பையன் காய்ச்சலில் படுத்தால் என்ன செய்கிறோம்?

*கொரோனா தந்த படிப்பினை*

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்தவர்கள் வேலையிழந்து ஊர் திரும்பினார்கள். ஊரடங்குக் காலத்துக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய அரசு உத்தரவிட்டது. வருமானமே இல்லாமல் எப்படித் தருவது என்று முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது.

நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒட்டகத்துக்கே இந்தப் பேணுதல் என்றால் மனிதனுக்கு? ஆனால் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும் என்றால், அடுப்பெரிய வேண்டிய வீட்டுக்காரர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவார். நோய் பத்துப் பேருக்குப் பரவும். அவரை வீட்டில் இருக்க வைப்பது நம் அறிவுரை இல்லை. நாம் தரும் கூலிதான்.

*சட்டமும் ஷரீஅத்தும்*

“வேலை செய்யாத நாளுக்குக் கூலி கடமையா?” என்று கேட்கலாம். வேலைக்கு வர முடியாத நாளுக்குக் கூலி கேட்கும் உரிமை தானாக ஏற்படாது என்றே ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஆனால் ஒப்பந்தத்தில் அது இருந்தால் நிறைவேற்றுவது வாஜிப். நாட்டின் சட்டம் தரச் சொல்வதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்ததுதான்.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி, கடை ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாட்கள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. நம் பஜாரில் எத்தனை கடைகளில் இது நடக்கிறது? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளிக்கு, தேவையான நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்க் காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். சந்தாவுக்குப் பயந்து ஊழியரைப் பதிவு செய்யாமல் விடும் முதலாளி, அவருடைய ஹக்கைத் தடுக்கிறார். வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வாதாடுவான் என்ற எச்சரிக்கையை அவர் நினைத்துப் பார்க்கட்டும்.

சட்டம் எட்டாத இடத்தில் இஹ்ஸான் இருக்கிறது. சிறிய கடைக்காரரால் முழுச் சம்பளம் தர முடியாமல் போகலாம். பாதி தரலாம், அரிசி பருப்பு வாங்கித் தரலாம், குறைந்தபட்சம் “குணமாகி வா, உன் வேலை உனக்குத்தான்” என்று சொல்லலாம். உங்களிடம் வேலை செய்வோர் உங்கள் சகோதரர்கள் என்பது நபிமொழியின் கருத்து. பள்ளிவாசல் நிர்வாகிகளே, முஅத்தின் படுத்துவிட்டாலும் இதே அளவுகோல்தான்.

தொழிலாளர் சகோதரர்களே! நோய் இல்லாமல் நோய் என்று சொல்வது அமானிதத்துக்கு மோசடி. ஒருவர் சொல்லும் பொய், உண்மையான நோயாளியையும் சந்தேகப்பட வைக்கும். கட்டட வேலை செய்பவர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து, அதை உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் உங்கள் கடையிலோ பட்டறையிலோ யார் வரவில்லை என்று பாருங்கள். போய் நலம் விசாரியுங்கள். நோயாளியை விசாரிப்பது சுன்னத். அவர் வீட்டு அடுப்பையும் சேர்த்து விசாரியுங்கள்.

நோயாளிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! பிறர் ஹக்கைக் கொடுத்துவிட்டு அவனைச் சந்திக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தருவானாக! ஆமீன்.