அம்மைப்பாலும் மக்கள் நம்பிக்கையும்

வைசூரி என்னும் பெயரை வாயாற் கூறுதற்கும் நம் முன்னோர் அஞ்சினர். வீட்டில் ஒருவருக்கு அந்நோய் கண்டால், ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்றும், ‘முத்துப் போட்டிருக்கிறது’ என்றும் சொல்லி, வாயிலில் வேப்பிலை செருகி, மாரியம்மனை வேண்டி நின்றனர். பிழைத்தவருட் பலர் முகத்தில் வடுவுற்றனர். சிலர் கண்ணொளி இழந்தனர். இக்கொடிய நோயைத் தடுக்கும் உபாயம் 1802-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டை வந்தடைந்தது. எனினும் நோய் ஒழிந்தது 1975-ஆம் ஆண்டில்தான். இடையில் 173 ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மாட்டம்மைப் பாலை மனிதன் உடலிற் செலுத்தினால் வைசூரி அணுகாது என்பதை 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் சோதித்துக் காட்டினார். அப்பால் வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா ஆகிய நகரங்களின் வழியே பம்பாய்க்கு வந்தது. 1802 ஜூன் 14-ஆம் நாள் அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதல் அம்மை குத்தப்பட்டது. பின்னர் அது சென்னை முதலிய இடங்களுக்கும் பரவிற்று.

பாலைக் கெடாமற் காப்பதே நிர்வாகத்தின் முதல் இடுக்கண். வெப்பத்தில் அது விரைவில் வலியிழக்கும். ஆதலின், குத்திய குழந்தையின் கொப்புளம் முதிர்ந்த எட்டாம் நாளளவில் அதினின்று பாலெடுத்து, மற்றொரு குழந்தையின் கையில் வைப்பர். இச்சங்கிலி ஓரிடத்தில் அறுந்தாலும் அவ்வட்டாரம் முழுவதும் பாலின்றி நிற்கும். ஆனால், தம் மகவின் கையை மீண்டும் கீறப் பெற்றோர் இசைவரோ? மேலும், எச்சாதிக் குழந்தையின் பாலோ என்று சிலர் ஐயுற்றனர். வேறு நோய் தொற்றுமோ என்று சிலர் அஞ்சினர். பின்னைய அச்சம் வீணன்று. மேகநோய் முதலியன இம்முறையாற் பரவக்கூடும் என்பதை மருத்துவரே ஒப்புக்கொண்டனர். ஆகவே, மறுத்தோரையெல்லாம் மூடரென்று தள்ளுதல் நியாயமாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கன்றின் உடலில் வளர்த்த பால் வழக்கிற்கு வந்தது. சென்னை இராஜதானியின் சுகாதாரக் கமிஷனராயிருந்த கிங் என்பவர், பாலை லானொலின் என்னும் கம்பளிக்கொழுப்பிற் குழைத்து, வெப்பத்தை ஓரளவு தாங்கச் செய்தார். அவர் பெயர் தாங்கிய கிண்டி நிலையம் பால் தயாரிக்கும் இடமாயிற்று.

பால் கிடைத்த பின்னும் ஆள் வேண்டும். ஊர்தோறும் நடந்து சென்று குத்தியவர் சொற்பச் சம்பளம் பெற்ற கீழ்நிலை ஊழியர். குத்திய தொகையைக் கொண்டே இவரது உழைப்பு அளக்கப்பட்டமையால், கணக்கில் மிகுதி காட்டுவோரும் இருந்தனர். காகிதத்திற் காக்கப்பட்ட குழந்தை வைசூரிக்குத் தப்புவதில்லை! எண்ணை மட்டும் நோக்கும் மேற்பார்வை எண்ணையே பெறும், நலத்தைப் பெறாது என்பது இதனால் விளங்கும்.

சட்டமும் பிறந்தது. 1880-ஆம் ஆண்டின் அம்மை குத்தும் சட்டம் முனிசிபாலிட்டிகளிலும் இராணுவக் குடியிருப்புகளிலும் குழந்தைகளுக்குக் கட்டாயமாகக் குத்த இடமளித்தது. ஆயினும் அது தானே எங்கும் செல்லுபடியாகவில்லை. விரும்பிய இடங்களுக்கே விரிக்கப்பட்டது. எண்ணிறந்த கிராமங்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. சட்டம் சென்ற இடத்தும், சேவகனைக் கண்ட தாய் குழந்தையை ஒளித்து வைப்பின், சட்டம் என் செய்யும்?

விடுதலைக்குப் பின் 1962-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. வெப்பத்திற் கெடாத உலர்ந்த மருந்தும், எளிதாய்க் கையாளத்தக்க இருமுனை ஊசியும் துணையாயின. எனினும், யாவருக்கும் குத்தி முடித்தலொன்றே போதாதென்று கண்டு, 1973 முதல் வீடுவீடாக நோயாளியைத் தேடலாயினர். சந்தைகளில் நோயின் படத்தைக் காட்டி வினவினர்; செய்தி கொணர்ந்தோர்க்குப் பரிசும் அளித்தனர். நோய் கண்ட வீட்டைச் சூழ்ந்துள்ளோர்க்கு உடனே குத்தினர். 1975 மே மாதத்திற் கடைசி நோயாளி காணப்பட்டார். 1980-இல் உலகமே வைசூரி நீங்கியதென அறிவிக்கப்பட்டது.

முன்னாளில் ஒளித்த வீடே பின்னாளில் வாய்திறந்து உரைத்தது. அதனாலேயே நோயின் கடைசி மறைவிடமும் புலப்பட்டது. மருத்துவராகவும் அதிகாரிகளாகவும் ஆசிரியராகவும் வெளிச்செல்லவிருக்கும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக. நல்ல மருந்தும் நல்ல சட்டமும் வாயிற்படி வரையே செல்லும். அதனைக் கடந்து உட்புகத்தக்கது, அவ்வீட்டாரின் அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு விடைகூறும் ஊழியனின் சொல்லேயாம்.