பிரசவத்திற்குப் பின் மறக்கப்படும் பரிசோதனை

கர்ப்ப காலத்தில் தோன்றும் நீரிழிவு நோயைப் பற்றி நம் நாட்டுச் சுகாதார நிலையங்களில் இப்பொழுது ஓரளவு கவனம் செலுத்தப்பட்டு வருகிறது. கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுகோஸை நீரிற் கரைத்துக் கொடுத்து, 2 மணி நேரங் கழித்து இரத்தத்தைச் சோதிக்கின்றனர். 100 மில்லிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ சர்க்கரை காணப்படின், இந்நோய் உள்ளதெனக் கொள்ளப்படுகிறது. பிரசவமாகி 6 வாரங்கள் சென்றபின் மீண்டும் சோதித்தல் வேண்டுமென மத்திய சுகாதார அமைச்சு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. எனினும், இவ்விரண்டாம் சோதனைக்குப் பல தாய்மார்கள் வருவதில்லை. இதன் காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

நோயின் இயல்பு

நஞ்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடை செய்கின்றன. கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இத்தடையை ஈடு செய்ய இயலாதவர்களிடமே இந்நோய் தோன்றுகிறது. நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் தடை நீங்குகிறது. பெரும்பாலோருக்குச் சர்க்கரையின் அளவும் இறங்கிவிடுகிறது. ஆயினும் உடலில் முன்பே மறைந்திருந்த பலவீனம் அகல்வதில்லை. இத்தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு, ஏனையோரைவிட ஏறக்குறைய 10 மடங்கு என 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு காட்டியது.

வேறோர் ஆபத்தும் உண்டு. கருவின் இதயம் முதலிய உறுப்புகள் முதல் 8 வாரங்களில் உருவாகின்றன. நோய் நீடிப்பதை அறியாத தாய் மீண்டும் கருவுற்றால், அவள் மருத்துவமனைக்கு வருமுன்னரே சிசுவுக்குத் தீங்கு நேர்ந்துவிடக் கூடும்.

தடைகள் நான்கு

1. 'நோய் போய்விட்டது' என்னும் எண்ணம். மருந்து நிறுத்தப்பட்டதும் தாயும் குடும்பத்தாரும் இவ்வாறே கருதுகின்றனர். பிரசவித்த தாய் வீடு திரும்பும்போது மறுசோதனையைப் பற்றி எவரும் சொல்லாமல் விடுவதும் உண்டு.

2. குடும்ப வழக்கங்கள். முதற் பிரசவத்திற்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். பதிவேடு ஓர் ஊரிலும் அவள் வேறோர் ஊரிலுமாக அமைகிறது. பல பகுதிகளில் 40 நாட்கள் வீட்டை விட்டு வெளிவராத வழக்கமும் உள்ளது.

3. சோதனையின் சிரமம். வெறும் வயிற்றுடன் புறப்பட்டு, கைக்குழந்தையுடன் 2 மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். துணைக்கு வருபவர் ஒரு நாட் கூலியை இழக்கிறார்.

4. பொறுப்பு பிரிந்திருத்தல். பிரசவ மருத்துவரின் பணி குழந்தை பிறந்தவுடன் பெரும்பாலும் முடிவடைகிறது. தொற்றா நோய்களுக்கான பொதுச் சோதனையோ 30 வயது நிரம்பியோருக்கு என வகுக்கப்பட்டது. ஆகவே, 24 வயதுத் தாய் இவ்விரண்டிற்கும் இடையே விடுபட்டுப் போகிறாள்.

களப் பணியாளர் செய்யத்தக்கவை

ஆஷா பணியாளர் பிரசவத்திற்குப் பின் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டிற்குச் செல்கிறார். 42-ஆம் நாள் என்பது 6 வாரங்களே. குழந்தைக்குரிய முதல் ஐந்து நோய்த் தடுப்பூசியும் 6-ஆவது வாரத்திலேயே போடப்படுகிறது. தனக்கென மருத்துவமனை செல்லத் தயங்கும் தாய், குழந்தைக்கென்றால் தவறாது வருவாள். தடுப்பூசியும் தாயின் சோதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் அமையுமாயின் ஒரு பயணமே போதும். காத்திருக்கும் நேரத்தில் குழந்தைக்குப் பாலூட்டலாம். தாய் நீர் அருந்தலாம்.

தாய் சேய் அட்டையில் நோயின் விவரத்தையும் மறுசோதனைத் தேதியையும் தெளிவாக எழுதுதல் வேண்டும். மாமியாரிடமும் கணவரிடமும் இதனை எடுத்துரைத்தல் நலம். தாயை அனுப்பி வைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

குளுகோஸ் அருந்திய 2 மணி நேரத்தில் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருப்பின் நீரிழிவு. 140 முதல் 199 வரை முன்னெச்சரிக்கை நிலை. 140-க்குக் குறைவெனில் இயல்பு. இயல்பாயிருப்பினும் ஆண்டுதோறும் சோதித்தல் இன்றியமையாதது. தாய்ப்பாலூட்டல், நாள்தோறும் நடைப்பயிற்சி, உடல் எடையைக் கட்டுப்படுத்தல் ஆகியவை நோய் வருவதைத் தள்ளிப் போட உதவும்.

பயிற்சி வினாக்கள்

1. பிரசவத்திற்குப் பின் சர்க்கரை இறங்குவது ஏன்? அதனை முழு நலம் எனக் கொள்ளலாகாது, ஏன்?

2. உங்கள் வட்டாரத்தில் மேற்கூறிய நான்கு தடைகளுள் எது வலியது? அதனை நீக்க யாருடைய ஒத்துழைப்பு வேண்டும்?

3. தாய்வீட்டில் பிரசவித்து 3-ஆவது மாதத்தில் கணவன் ஊருக்குத் திரும்பிய தாயை மறுசோதனைக்குக் கொணர, இரு ஊர்ப் பணியாளரும் செய்ய வேண்டியவை யாவை?