முதல் கிட் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு

போர் விமான மாடல் செய்ய வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி கிட் நல்லது, எந்த பெயின்ட் நல்லது என்றுதான். கிட்டைப் பற்றியும் சொல்கிறேன். அதைவிட முக்கியமானதை முன்னால் வைக்கிறேன்.

1. "ஒரு மிக்-21 செய்யப் போகிறேன்" என்று கிளம்பாதீர்கள். எந்த மிக்-21, எந்த ஆண்டு, எந்த ஸ்குவாட்ரன், உடம்பில் என்ன எண் என்று முடிவு செய்த பிறகு கிளம்புங்கள். 1963-ல் நம் விமானப்படையின் 28-ஆம் ஸ்குவாட்ரனோடு சண்டிகரில் தொடங்கிய அதன் சேவை, 2025 செப்டம்பர் 26 அன்று அதே சண்டிகரில் முடிந்தது. இந்த 62 ஆண்டுகளில் அதன் முகமே மாறிவிட்டது. முதலில் வந்தவற்றில் வேகத்தை அளக்கும் பிடோ குழாய் மூக்குத் துவாரத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். நாசிக்கில் எச்.ஏ.எல். கட்டிய எஃப்.எல். வகையில் அது மேலே ஏறிவிட்டது. எம், பிஸ் வகைகளில் நடுவிலிருந்து விலகி ஓரமாக நிற்கும், முதுகும் தடித்திருக்கும், காக்பிட் மூடி முன்பக்கமாகத் தூக்காமல் வலப்பக்கம் சாய்ந்து திறக்கும். எஃப்.எல். வகையில் உடம்போடு சேர்ந்த பீரங்கியே கிடையாது. வயிற்றில் தனியாக மாட்ட வேண்டும். 1971 போரில், டிசம்பர் 14 அன்று, டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய மிக்-21-கள் எஃப்.எல். வகை. பிஸ் கிட் வாங்கி அந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தப் போருக்காகப் பல விமானங்களின் வெள்ளி உடம்பில் அவசர அவசரமாகப் பச்சை பூசினார்கள். அந்தப் பூச்சு விமானத்துக்கு விமானம் வேறு. அதனால்தான் எண்ணைக் கேட்கிறேன்.

2. பெட்டியின் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நம் விமானப்படை 1965-ல் ஓட்டிய நாட், ஒற்றை இருக்கைப் போர் விமானம். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் வரும் நாட், பிரிட்டனின் ரெட் ஆரோஸ் குழு ஓட்டிய இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். அதற்கு இந்திய வட்டச் சின்னம் ஒட்டினால் அது பொய். பழகுவதற்கு ஏர்ஃபிக்ஸின் 1/72 ஸ்பிட்ஃபயர் போதும். அந்தக் கம்பெனி முதன்முதலாக விற்ற விமான கிட்டும் ஸ்பிட்ஃபயர்தான். எடுவார்டின் 1/48 மிக்-21 அருமையான கிட், ஆனால் சின்னச் சின்னப் பாகங்கள் ஏராளம். ஐந்தாறு முடித்த பிறகு வாங்குங்கள். இடம் சின்னதென்றால் 1/72-லேயே இருந்துவிடலாம்: மிக்-21-இன் இறக்கை அகலம் ஏழு மீட்டருக்குச் சற்று மேல், மாடலில் 10 சென்டிமீட்டர்தான் வரும்.

3. இரண்டு பாதி உடம்பு சேரும் கோட்டில் ஒரு மாடலின் தரம் தெரிந்துவிடும். பாகத்தைச் சட்டத்திலிருந்து கையால் முறிக்காதீர்கள். சைட் கட்டரால் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். பசை போடும் முன் டேப் ஒட்டிச் சேர்த்துப் பாருங்கள். பிறகு மெல்லிய சிமென்ட்டைப் பிரஷ் நுனியால் கோட்டில் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிப் போகும். மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் நூல் மாதிரி வெளியே பிதுங்கும். உடனே துடைக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, தண்ணீர் தொட்ட வாட்டர் பேப்பரால் தேயுங்கள். நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். மூடுவதற்கு முன் ஒன்று: வால் கனத்து உட்கார்ந்துவிடும் கிட்கள் நிறைய. தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயக் குண்டை மூக்குக்குள் ஒட்டிவிட்டு மூடுங்கள்.

4. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்து, பால் பூத்தாற்போல் ஆகிவிடும். அந்த மாதங்களில் காக்பிட், சக்கரம் என்று பிரஷ் வேலையைப் பாருங்கள். எப்போது அடித்தாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், முகத்தில் முறையான மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் பெயின்ட் வாடையைத் தடுக்காது.

5. டீகல் (எண், சின்னம் அச்சிட்ட ஒட்டுத்தாள்) ஒட்டும் முன் பளபளப்பான கிளியர் கோட் அடியுங்கள். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும்.

6. ஊர்களில் பீடத்தில் நிற்கும் ஓய்வு பெற்ற விமானத்தை வடிவத்துக்குப் பாருங்கள், நிறத்துக்கு நம்பாதீர்கள். ரிவெட் வரிசை, சக்கரக் கதவின் தடிப்பு எல்லாம் அங்கே நிஜம். பெயின்ட் பெரும்பாலும் பிறகு யாரோ அடித்தது. எண் கூட மாறியிருக்கலாம். நிறத்துக்கு, அது பணியில் இருந்த காலத்துப் புகைப்படத்தைத் தேடுங்கள். பெங்களூரு போனால் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கும் எச்.எஃப்.-24 மாருத்தைச் சுற்றி வாருங்கள். கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர் வடிவமைத்து, 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்த நம் நாட்டுப் போர் ஜெட் அது. இன்னொரு மாருத் ம்யூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

7. ஓய்வுக்குப் பிறகு விமானங்கள் என்ன ஆகின்றன என்பதையும் படியுங்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் டேவிஸ்-மாந்தன் தளத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் வெயிலில் நிற்கின்றன. ஈரமில்லாத காற்று, துருப்பிடிக்க விடாது. அங்கே போன ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம், 2015-ல் மறுபடி பறந்து பணிக்குத் திரும்பியது. அதே இடத்தில்தான் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தப்படி நூற்றுக்கணக்கான பி-52-களை ராட்சதக் கத்தியால் வெட்டி, செயற்கைக்கோள் பார்க்கும்படி வெட்டவெளியில் போட்டு வைத்தார்கள். எஃப்-14-களை 2006-க்குப் பிறகு அரைத்தே தள்ளினார்கள், உதிரி பாகம் ஈரானுக்குப் போய்விடக் கூடாது என்று. ஃபாண்டம்கள் பல, ஆளில்லாமல் பறக்கவிடப்பட்டு ஏவுகணைகளுக்கு இலக்காயின. நம் அரக்கோணம் ராஜாளி தளத்தின் டி.யூ.-142 கடற்படை ரோந்து விமானத்துக்குக் கொடுப்பினை இருந்தது: 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றவற்றில் ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகிவிட்டது. இப்போது மக்கள் உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஆனால் உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்னும்; இடைவிடாத பராமரிப்பு இல்லாமல் அது நிலைக்காது.

8. மிக்-21-க்கு வந்த "பறக்கும் சவப்பெட்டி" என்ற பட்டப்பெயரை விளையாட்டாகச் சொல்லாதீர்கள். 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போயின; 171 விமானிகள் இறந்தார்கள். நீங்கள் ட்வீசரால் ஒட்டும் அந்தச் சின்ன இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த எண்ணுள்ள விமானத்தை ஓட்டியவர் பெயர் பொதுப் பதிவில் கிடைத்தால், மாடலின் அடிப்பலகையில் எழுதி வையுங்கள்.

9. விமானப்படைத் தளத்தின் வேலிக்கு வெளியே நின்று கேமராவைத் தூக்காதீர்கள். சட்டப்படி குற்றம். "ஒரிஜினல் மிக் மீட்டர்" என்று யாராவது விற்க வந்தால், முறையான ஏல ரசீது கேளுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

10. அப்துல் கலாம், குரோம்பேட்டை எம்.ஐ.டி.-யில் சேர்ந்தபோது தன்னை மிகவும் ஈர்த்தவை, அங்கே பாடத்துக்காக நிறுத்தியிருந்த ஓய்வு பெற்ற இரண்டு விமானங்கள் என்று எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகில் உட்கார்ந்திருப்பாராம். உங்கள் ஊர்க் கல்லூரியிலோ பூங்காவிலோ அப்படி ஒன்று நின்றால், அனுமதி வாங்கி நாலு பக்கமும் படம் எடுங்கள். சக்கரம் இற்றுப்போயிருக்கிறதா, இறக்கை மூட்டில் தண்ணீர் தேங்குகிறதா, கண்ணாடிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பையும் படங்களையும் சேர்த்து, அதைப் பராமரிக்கிற நிர்வாகத்துக்கு இந்த மாதமே ஒரு கடிதம் எழுதுங்கள்.