ஆறு வயது மருமகன்

தங்கம், மாப்பிள்ளை வீட்டுப் பழைய சென்சஸ் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, "அக்கா, 1861-ல ஆறு வயசுப் பையனை மருமகன்னு எழுதியிருக்காங்களே, இங்கிலாந்திலயும் பால்ய விவாகம் இருந்துச்சா?" என்று கேட்டிருந்தாய். இல்லைம்மா. ‘சன்-இன்-லா’ என்ற சொல்லை அந்தக் காலத்தில் மனைவி கூட்டிவந்த பிள்ளைக்கும் போடுவார்கள். அந்த அம்மாளுக்கு அது பெரும்பாலும் இரண்டாம் கல்யாணமாக இருக்கும். பையனின் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதா பார். இருந்தால் அவளுடைய முதல் கல்யாணப் பதிவைத் தேடு. ஒரே சொல்லில் உனக்கு இன்னொரு குடும்பமே கிடைத்திருக்கிறது.

ஆனால் நீ 1861-ல் போய் நடுவில் குதித்தது தப்பு. தெரிந்த ஆளிலிருந்துதான் பின்னால் போக வேண்டும். 1931 தாள்கள் 1942-ல் தீயில் போய்விட்டன; 1941-ல் போர், கணக்கே எடுக்கவில்லை. அதனால் 1921-ல் தொடங்கி 1911, 1901 என்று பத்துப் பத்து வருஷமாக இறங்கு. இடையில் ஒன்றைக்கூடத் தாண்டாதே. ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு ஜான் இருப்பார்கள். ஒரு படி தாண்டினால் வேறு யாரோ ஒருவரைக் கொள்ளுத்தாத்தா ஆக்கிவிடுவாய்.

வயதை நம்பாதே. இரண்டு மூன்று வருஷம் முன்பின்னாக இருப்பது சகஜம். 1841-ல் இன்னும் மோசம்: 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதில் கிடையாது. பிறந்த ஊரும் கிடையாது, அதே கவுண்டியில் பிறந்தவரா இல்லையா என்பது மட்டும்தான். 1851-லிருந்து உறவும் பிறந்த ஊரும் வருகின்றன. நீ கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பிறந்த ஊரைத்தான்.

பெயர் அகப்படவில்லையா? கணக்கெடுக்க வந்தவர் தனக்குப் புரிந்தபடி எழுதினார்; அந்தக் கையெழுத்தை நம் காலத்தில் கணினியில் ஏற்றியவர் இன்னொரு விதமாகப் படித்தார். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, முதல் பெயர், உத்தேச வயது, பிறந்த ஊர் மட்டும் போட்டுத் தேடு. மேரி, வில்லியம் என்று தேடினால் கடலில் ஊசி. அவர்களுடைய தங்கை கெசையாவைத் தேடு. அபூர்வமான பெயருள்ள ஒரு பிள்ளை போதும், மொத்த வீடும் பின்னாலேயே வந்துவிடும்.

13 வயதுப் பெண் வீட்டில் இல்லையென்றால் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டாதே. கணக்கெடுப்பு நடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு யார் எங்கே படுத்தார்களோ அங்கேதான் பதிவு. இரண்டு தெரு தள்ளி யார் வீட்டிலாவது வேலைக்காரி என்று இருப்பாள்.

காசைக் கொட்டாதே. 1881 கணக்கெடுப்பின் எழுத்துப்படி ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசம். மற்றவற்றுக்கு உன் ஊர் நூலகத்துக்குப் போ. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் போன்ற கட்டணத் தளங்களைப் பல நூலகங்களில் சும்மாவே பார்க்க விடுகிறார்கள். நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. இந்தியாவிலும் அப்போதே கணக்கெடுத்தார்கள். ஆனால் எண்ணிக்கையை அச்சிட்டுவிட்டு, பெயர் எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை.

1911 தாளை மட்டும் நிதானமாகப் பார். அது வீட்டுக்காரரே தன் கையால் நிரப்பியது. கல்யாணமாகி எத்தனை வருஷம், பிறந்த பிள்ளைகள் எத்தனை, உயிரோடு எத்தனை, இறந்தது எத்தனை என்று கேட்டிருப்பார்கள். நான் பார்த்த ஒரு தாளில் ஒரு விதவை 9, 6, 3 என்று எழுதியிருந்தாள். விதவைகள் அதை நிரப்பத் தேவையில்லை என்பதால் அலுவலகத்தில் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. வெகுநேரம் அந்தத் தாளை மூட மனம் வரவில்லை எனக்கு.

அப்படி இறந்த பிள்ளைகளில், உதாரணமாக 1882-ல் பிறந்து 1889-ல் இறந்த பிள்ளை எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. அதைப் பிடிக்க ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸின் பிறப்பு அட்டவணைக்குப் போ. தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். தேடக் காசு இல்லை, சான்றிதழ் வாங்கினால்தான் செலவு. இரண்டு குடும்பப் பெயரையும் போட்டால், சென்சஸில் இல்லாத பிள்ளைகள் வந்து நிற்பார்கள். இறப்பு அட்டவணையில் வயதைச் சரிபார்த்துக்கொள்.

மாப்பிள்ளை வம்சாவளியை வரையும்போது அந்தப் பிள்ளைகளின் பெயரையும் மறக்காமல் எழுதச் சொல்லும்மா.