மெயின்ஃபிரேமில் டிபி2 பார்க்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. இமேஜ் காப்பி ஜாப் ரிட்டர்ன் கோடு 0 காட்டியதும் நிம்மதியாக எழுந்து போய்விடாதீர்கள். ஞாயிறு இரவு எடுத்த நகலில் ஞாயிறு இரவு வரைதான் இருக்கும். புதன் மதியம் டிஸ்க் பழுதானால், இடைப்பட்ட மாற்றங்கள் எல்லாம் லாக்கில்தான். ரெகவர் யுடிலிட்டி முதலில் நகலைப் போடும், பிறகு அதன்மேல் லாக்கை ஓட்டும். நகலை ஒரு மாதம் வைத்துக்கொண்டு, ஆர்க்கைவ் லாக்கைப் பத்தே நாளில் அழிக்கும் இடங்கள் உண்டு. அங்கே பழைய நகலைக் கொண்டு அந்தந்த நாளுக்குத்தான் திரும்பலாம். இன்றைக்கு வர முடியாது.

2. எந்த நகல் எந்த டேட்டாசெட்டில் என்பதை சிஸ்காப்பி டேபிள் வைத்திருக்கிறது. ஜிடிஜி வரம்பு தாண்டி டேட்டாசெட் அழிந்தாலும் அந்த வரி தானாக நீங்காது. மாடிஃபை ரெகவரி ஓட்டித்தான் நீக்க வேண்டும். சிஸ்காப்பி வரிகளையும் டேட்டாசெட்டுகளையும் ஒத்துப்பாருங்கள்.

3. ஷேர்லெவல் சேஞ்ச் போட்டு எடுத்த நகலில் கமிட் ஆகாத மாற்றங்களும் இருக்கலாம். லாக்கோடு சேர்த்தால் குறையில்லை. லாக்கில்லாமல் அந்த நகலை மட்டும் நம்பி ரெகவரில் டூகாப்பி போடாதீர்கள்.

4. லோட், ரீஆர்க் எதையும் கூடவே நகல் எடுக்காமல் லாக் நோ என்று ஓட்டினால் காப்பி பெண்டிங் வரும். உடனே நகல் எடுப்பதே முறை. நேரமில்லை என்று ரிப்பேர் யுடிலிட்டி போட்டு அந்த நிலையை மட்டும் துடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரத்தனம் என்று அவர்களுக்கு நினைப்பு. அந்த லோட் லாக்கில் இல்லை, நகலிலும் இல்லை. பின்னால் ரெகவர் ஓட்டினால் அந்த இடத்தைத் தாண்டி நகரவே நகராது.

5. பழைய நேரத்துக்குத் திரும்பும்போது தாய் டேபிளையும் சேய் டேபிளையும் ஒரே ரெகவரில் ஒரே லாக் புள்ளிக்குக் கொண்டுபோங்கள். பிறகு டிஸ்ப்ளே டேட்டாபேஸ் கொடுத்து ஏதும் பெண்டிங் நிற்கிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸ் ரீபில்ட் கேட்கலாம்.

6. கேட்டலாக், டைரக்டரி நகல்களை மறக்காதீர்கள். மொத்த சிஸ்டமும் விழுந்தால் உங்கள் டேபிள்களுக்கு முன்பாக மீட்க வேண்டியவை அவைதான்.

7. ரிப்போர்ட் ரெகவரி எதையும் தொடாது, பயப்படாமல் ஓட்டலாம். எந்த நகல்கள், எந்த லாக்குகள் தேவைப்படும் என்று அது சொல்லிவிடும். இந்த வாரமே டெஸ்டில் ஒரு சின்ன டேபிள்ஸ்பேஸுக்கு நகல் எடுங்கள். நாலு வரியை மாற்றிவிட்டு ரெகவர் செய்யுங்கள். ஜாப் லாக்கில் புரியாத செய்தி எண்களைக் குறித்துக்கொண்டு என் மேசைக்கு வாருங்கள்.